சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் ஆற்றில் கழிவுநீர் ஓடுவது ஏன்? – வைகையை முன்வைத்து ஒரு கேள்வி

செல்லூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வைகையின் வடகரைப் பகுதியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். சென்ற மாதம் என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பந்தல்குடிக் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்துக்குப் போயிருந்தேன். அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படாத நாள் அது. அகன்ற மணற்பரப்பில் கருவேலமும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்க, நடுவே கறுத்த நீர் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு சிறுமி, "ஊரில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று பாடம் நடத்தினீர்களே டீச்சர், இந்தத் தண்ணீர் ஏன் அங்கே போகவில்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மதுரை நகரத் தொகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 14.65 லட்சம். இன்று அது கூடியிருக்கும் என்றாலும், எளிமைக்காகப் 15 லட்சம் என்று வைத்துக்கொண்டேன். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது நகரங்களுக்கான பொதுவான அளவுகோல். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்கிறார்கள். அப்படியானால் நாளொன்றுக்குச் சுமார் 16.2 கோடி லிட்டர், அதாவது 162 எம்.எல்.டி. கழிவுநீர் (ஓர் எம்.எல்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்). அவனியாபுரம் நிலையத்தின் கொள்ளளவு 125 எம்.எல்.டி., சக்கிமங்கலம் நிலையத்தின் கொள்ளளவு 45.7 எம்.எல்.டி. இரண்டையும் கூட்டினால் 170-ஐத் தாண்டுகிறது. காகிதத்தில் கணக்கு நேராகிவிடுகிறது, ஆற்றில் நேராகவில்லை.

எனவே நான் கேட்பது இவைதான். நிலையம் சரியாக வேலை செய்யவில்லையா, அல்லது கழிவுநீர் நிலையத்துக்கே போய்ச் சேரவில்லையா? முழுவதையும் சுத்திகரித்து ஆற்றில் விட்டால், அந்த நீரில் மக்கள் இறங்கிக் குளிக்க முடியுமா? அறிந்தவர்கள் விளக்கினால், பிள்ளைகளுக்கு நேர்மையான ஒரு பதிலைச் சொல்வேன்.

கலங்கல் (பதில் 1)

வணக்கம், அம்மா. கழிவுநீர் நிலையங்களில் இயக்குநராகவும் பின்னர் மேற்பார்வையாளராகவும் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதுரையில் பணியாற்றியதில்லை, ஆனால் தாங்கள் சொல்லும் காட்சியை நான் இருந்த எல்லா ஊர்களிலும் பார்த்திருக்கிறேன்.

தங்கள் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அது நிலையத்தின் கொள்ளளவைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். வீட்டுக் குளியலறைக்கும் நிலையத்தின் வாசலுக்கும் இடையே இருக்கும் பல கிலோமீட்டர் குழாயை அது கணக்கில் எடுக்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கைப் பாருங்கள். நகரங்களில் உருவாகும் கழிவுநீர் நாளொன்றுக்கு 72,368 எம்.எல்.டி.; நிறுவப்பட்ட நிலையங்களின் கொள்ளளவு 31,841 எம்.எல்.டி.; உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,235 எம்.எல்.டி. மட்டுமே. கழிவுநீரில் பாதிக்குக்கூட நிலையம் இல்லாத நாட்டில், கட்டி வைத்த நிலையங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பயன்படாமல் கிடக்கிறது. பாதாளச் சாக்கடைக் குழாய் போய்ச் சேராத தெருக்களும், குழாய் இருந்தும் இணைப்பு எடுக்காத வீடுகளும் இதற்கு முதன்மையான காரணங்கள்.

மதுரை மாநகராட்சி 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. ஒரு நாளில் அரசாணையால் எல்லையை விரிக்கலாம். தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அந்த வீடுகளின் கழிவுநீர் எங்கே போகும்? பெரும்பாலும் செப்டிக் டேங்கின் வழிந்தோடும் குழாயைத் தெருவின் மழைநீர் வடிகாலில் செருகிவிடுவார்கள். மழைநீர் வடிகால் கால்வாயில் சேரும், கால்வாய் ஆற்றில் சேரும். நம் ஊர்களில் இந்தக் கால்வாய்கள் பெரும்பாலும் கண்மாய் நீரைப் பாசனத்துக்கும், கலங்கல் வழியாக, அதாவது கண்மாய் நிரம்பினால் நீர் வழியும் இடத்தின் வழியாக, வரும் உபரிநீரை ஆற்றுக்கும் கொண்டுபோக நம் முன்னோர் வெட்டியவை. கண்மாயும் வயலும் மனைகளான பிறகு, தண்ணீர் போன வழி மட்டும் மிச்சமிருந்தது; அதில் கழிவுநீர் குடியேறிவிட்டது. என் புனைபெயரைப் பார்த்தால் இந்த விஷயத்தில் எனக்குள்ள வருத்தம் தங்களுக்குப் புரியும்.

நிலையத்துக்குள் நடப்பதையும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வந்த நீரைச் சல்லடையில் விட்டுத் துணி, நெகிழி, முடி முதலியவற்றை நீக்குவோம். அடுத்து மணலைப் படியவிடுவோம். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. காற்றூட்டத் தொட்டியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆற்றில் பல நாள்களில் நடக்க வேண்டிய செரிமானத்தை அவை சில மணி நேரத்தில் செய்து முடிக்கின்றன. மான்செஸ்டர் நகரில் 1914-இல் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. இன்று உலகின் பெரும்பாலான நகரங்கள் இதையோ இதன் வழித்தோன்றல்களையோதான் நம்பியிருக்கின்றன. அந்த உயிர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது காற்று ஒன்றுதான். ஆனால் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.

தினமும் காலையில் காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுச் சாடியில் நீரை மொண்டு, மேசைமேல் வைத்து 30 நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்போம். தொட்டி நலமாக இருந்தால், நுண்ணுயிர்கள் திரண்ட கசடு வறுத்த காப்பிப்பொடி நிறத்தில் பஞ்சுபஞ்சாகத் திரண்டு, மெல்லக் கீழே இறங்கி, மேலே கண்ணாடிபோல் தெளிந்த நீரை விட்டுச்செல்லும். முகர்ந்தால் மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனைதான் வரும், நாற்றம் வராது. நான் இருந்த ஒரு சிறிய ஊரில், ஒரு கோடைக்காலத்தில் மின்சாரம் தொடர்ந்து பல மணி நேரம் நின்றது. டீசல் வாங்கக் கையில் பணம் இல்லை. மறுநாள் சாடியில் பார்த்தபோது கசடு கறுத்துப் போயிருந்தது. கீழே இறங்காமல் திட்டுத்திட்டாக மேலே மிதந்தது. அழுகிய முட்டை நாற்றம் அறையை நிறைத்தது. பழைய நிலைக்குத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வெளியே போன நீரைப் பற்றி இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. கட்டடம் கட்ட ஒதுக்கப்படும் பணத்தோடு ஒப்பிட்டால், மின்கட்டணத்துக்கும் பணியாளருக்கும் உதிரிபாகத்துக்கும் ஆண்டுதோறும் தேவைப்படும் பணம் சிறியதுதான். ஆனால் அதைக் கேட்டு வாங்குவதுதான் மிகக் கடினம்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் தண்ணீர் தேங்கினால் மக்கள் கடப்பாரையால் ஆள்நுழைவுக் குழியின் மூடியை நெம்பித் திறந்து, மழைநீரைப் பாதாளச் சாக்கடைக்குள் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் அரை மணியில் வடிந்துவிடும். ஆனால் அத்தனையும் மணலோடும் குப்பையோடும் உந்து நிலையத்தில் வந்து குவியும். பம்பு தாங்காமல் நிற்கும். பின்னுக்குத் தள்ளப்பட்ட கழிவுநீர் தாழ்வான இன்னொரு தெருவில் பொங்கி, மீண்டும் மழைநீர் வடிகாலில் விழும். அந்த மணலை எடுக்க அதன் பிறகு ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்கும் கொடுமையும் நடக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைத் தடை செய்துள்ளது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்துள்ளது. மூடியை நெம்பித் திறக்கும் கைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நீர்க்கணக்கு (பதில் 2)

மேலே ஐயா சொன்னவை அனைத்தும் சரியே. ஆசிரியை அவர்களின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது முழுவதையும் சுத்திகரித்தால் குளிக்கலாமா என்பதற்கு, நான் விடை சொல்ல முயல்கிறேன். சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலை பயிலும் மாணவன் நான்.

கழிவுநீரின் வீரியத்தை பி.ஓ.டி. என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பதே அது. இங்கிலாந்தில் 20 டிகிரி வெப்பத்தில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள்; நம் ஆய்வகங்களில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கிறோம். வீட்டுக் கழிவுநீரில் இது ஏறத்தாழ 250 இருக்கும். குளிப்பதற்கு உகந்த ஆற்றில் 3-க்கு மேல் இருக்கக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

இப்போது நிலையத்திலிருந்து வெளிவரும் நீருக்கான வரம்பைப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை பெருநகரங்களுக்கு 20 என்றும் மற்ற ஊர்களுக்கு 30 என்றும் வைத்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக இறுக்கச் சொன்னது. 10 என்பது மிக நல்ல சுத்திகரிப்பு. ஆயினும் குளிக்கும் தரத்தைப் போல அது மூன்று மடங்குக்கும் மேல்.

இந்த இடைவெளியை எது நிரப்ப வேண்டும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 20 என்ற எண்ணின் வேர் கழிவுநீர் அகற்றலை ஆராய்ந்த இங்கிலாந்தின் அரச ஆணையம் 1912-இல் அளித்த அறிக்கையில் இருக்கிறது. 2 மில்லிகிராம் பி.ஓ.டி. உள்ள தூய ஆற்றுநீர் 8 பங்கு, 20 மில்லிகிராம் உள்ள சுத்திகரித்த நீர் 1 பங்கு என்று கலந்தால், 9 பங்கில் சராசரி சரியாக 4 வரும்; 4 வரை ஓர் ஆறு நாறாது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஆக 20 என்ற வரம்பு, "எட்டு மடங்கு நல்ல நீர் ஆற்றில் ஓடும்" என்ற நிபந்தனையோடு பிறந்தது. எண் ஊர் ஊராகப் பயணம் செய்தது, நிபந்தனை அங்கேயே தங்கிவிட்டது. ஆண்டின் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் வைகையிலும், கூவத்திலும் 8 பங்கு நல்ல நீருக்கு எங்கே போவது? கலக்க ஒன்றும் இல்லாதபோது, நிலையம் விடுவதுதான் ஆறு. அத்துடன் 30 டிகிரி வெப்பத்தில் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான், இங்கிலாந்தின் குளிர்ந்த ஆறுகளில் 11 வரை கரையும். நம் ஆறுகளுக்குச் சேமிப்பும் குறைவு, செலவும் வேகம்.

இன்னொரு கணக்கு, பிள்ளைகளே கரும்பலகையில் போடலாம். 100 லிட்டர் கழிவுநீரில் 90 லிட்டர் நிலையத்துக்குப் போய் 10 மில்லிகிராம் தரத்தில் வெளிவருகிறது என்று கொள்வோம். மீதி 10 லிட்டர் மட்டும் கால்வாய் வழியாக 250 மில்லிகிராம் தரத்தில் நேரே ஆற்றில் விழுகிறது. 90 × 10 = 900; 10 × 250 = 2,500; மொத்தம் 3,400. நூறால் வகுத்தால் ஆற்றில் 34. நிலையம் தன் வேலையைக் குறையின்றிச் செய்தும், மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தப் பத்து லிட்டரிலிருந்து வருகிறது. நிலையத்துக்குக் கோடிகளைக் கொட்டி 10-ஐ 5 ஆக்கினாலும் 34 என்பது 29.5 ஆகத்தான் இறங்கும். அதே முயற்சியைக் கால்வாய்க் கசிவைப் பாதியாக்கச் செலவிட்டால் 22 ஆகிவிடும். இதனால்தான், புதிய நிலையம் என்ற அறிவிப்பைவிடப் புதிய வீட்டு இணைப்புகள் எத்தனை என்ற எண்ணையே நான் முதலில் தேடிப் படிக்கிறேன்.

படுகைக்கிணறு (பதில் 3)

பரமக்குடியிலிருந்து எழுதுகிறேன். மதுரைக்கு வைகை ஒரு நகரத்து ஆறு. கீழே இருக்கும் எங்களுக்கு அதுதான் குடிநீர். ஆற்றுமணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் மானாமதுரை முதல் எங்கள் ஊர் வரை பல குடியிருப்புகளுக்கு நீர் எடுக்கிறார்கள். மேலே என்ன விடுகிறார்களோ, அது மணல் வழியாக எங்கள் குடத்துக்கு வரும்.

எனவே ஒரு கருத்தில் நான் சற்று மாறுபடுகிறேன். சுத்திகரித்த நீரை ஆற்றில் விடாமல் தொழிற்சாலைகளுக்கு விற்றுவிட்டால் ஆறு பிழைக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 45 எம்.எல்.டி. கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் வடித்து, ஒன்றை மணலி ஆலைகளுக்கும் மற்றொன்றைத் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கும் 2019 முதல் கொடுக்கிறார்கள். சென்னைக்கு அது மிகவும் பொருத்தமான திட்டம். கடலுக்குப் போக இருந்த நீர் அது. அதே அளவு ஏரிநீர் குடிக்க மிச்சமாகிறது. ஆனால் வைகையில் கதை வேறு. இங்கே கோடையில் சுத்திகரித்த நீரையும் திருப்பிவிட்டால் மதுரைக்குக் கீழே ஆறு என்று ஒன்று இருக்காது. எங்களுக்கு வேண்டியது நல்ல தரத்தில் சுத்திகரித்த நீர் ஆற்றிலேயே ஓடி, மணலில் இறங்கி ஊறுவதுதான். பெரியாறு நீரும் மழையும் சேர்ந்து நிரப்பும் அணையிலிருந்து எங்கள் பங்குக்கு நீர் திறக்கும் நாள்கள் குறைவு. அந்த நாள்களில் முதலில் வருவது கால்வாய்களில் தேங்கிக் கிடந்த கறுப்பு நீர். "தண்ணி வந்துருச்சு" என்று ஓடிப்போய்ப் பார்த்த என் தாயார், முதல் நாள் நீரில் கால் நனைக்க விடமாட்டார்கள்.

செப்டிக் டேங்க் லாரிகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். இரவில் ஆற்றோரம் வந்து குழாயைத் திறந்துவிடும் வண்டிகளைக் கரையோரத்து ஊர்க்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு லாரிக் கசடு, நகரத்துச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு வீரியமுள்ளது. தமிழ்நாட்டில் இதற்கென 2014-இல் வழிகாட்டு நெறிமுறை வந்தது. கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. திருச்சியில் லாரிகள் கசடை நேரே பாதாளச் சாக்கடையின் உந்து நிலையங்களில் இறக்க வசதி செய்தார்கள். இறக்குமிடம் பக்கத்தில் இருந்தால் ஓட்டுநர் ஏன் ஆற்றுக்கு வரப்போகிறார்? டீசல் செலவைப் பார்த்துத்தான் வண்டி திரும்புகிறது.

செல்லூர்வாசி

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. முக்கால் பங்கு மாசு அந்தப் பத்து லிட்டரிலிருந்து வருகிறது என்ற கணக்கை இன்று கரும்பலகையில் போட்டோம். "அப்படியானால் எங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று அப்பாவிடம் கேட்கிறேன்" என்று நான்கைந்து பிள்ளைகள் சொன்னார்கள்.

இரண்டு சிறிய ஐயங்கள். கால்வாய் வாயில் நாங்கள் மீன்களைப் பார்த்தோம். மீன் இருந்தால் நீர் பிழைத்துவிட்டது என்று கொள்ளலாமா? பள்ளியில் பெரிய கருவிகள் இல்லை. பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்க ஏதாவது வழி உண்டா?

கலங்கல்

அம்மா, அந்த மீன் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கலாம். அது நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் இனம், சாக்கடையிலும் பிழைக்கும். ஆகவே மீன் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மற்ற மீன்கள் விடியற்காலையில் வாயை மேலே நீட்டித் தத்தளிக்கின்றனவா என்று பாருங்கள். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவு முழுவதும் அதுவும் சேர்ந்து ஆக்சிஜனை உண்ணும்; எனவே சூரியன் உதிக்கும் முன்தான் நீர் மிகவும் மூச்சுத்திணறும்.

அளப்பதற்கு, கரைந்த ஆக்சிஜனைச் சொட்டுச்சொட்டாக வேதிப்பொருள் விட்டுக் கணக்கிடும் சிறு பெட்டிகள் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வேதியியல் ஆசிரியர் ஒருவர் உடனிருக்கட்டும். மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: நகருக்கு மேலே கோச்சடைப் பக்கம் ஒன்று, கால்வாய் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒன்று, விரகனூர் மதகணைக்கு அருகே ஒன்று. ஒரே நாளில், முடிந்தவரை ஒரே நேரத்தில் எடுங்கள். நீரின் வெப்பம், நிறம், மணம் மூன்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை, ஓராண்டு. அணை திறந்த வாரத்தையும் மூடிய வாரத்தையும் சிவப்பு மையில் குறித்து வைத்தால், மேலே தம்பி சொன்ன எட்டுப் பங்கு நீரின் கணக்கு பிள்ளைகளின் கண்ணுக்கே தெரியும்.

தகவல் கேட்டு எழுதுவதானால், நிலையத்தின் கொள்ளளவைக் கேட்காதீர்கள். நாள்தோறும் உள்ளே வந்த நீரின் அளவையும், எத்தனை வீடுகளில் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு இருக்கிறது என்பதையும் கேளுங்கள். உள்ளே வரும் அளவு குறிக்கப்படும் பதிவேடு எல்லா நிலையத்திலும் இருக்கும். நான் என் கையாலேயே ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளை நீரில் இறங்க விடாதீர்கள். கயிறு கட்டிய வாளியால் மொள்ளுங்கள், கையுறை போடுங்கள், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். புட்டியை விளிம்பு வரை நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட நிற்காதபடி மூடுங்கள். குமிழியிலுள்ள காற்று கரைந்தால் ஆக்சிஜனே இல்லாத நீரிலும் இருப்பதாக அளவு காட்டும். முதல் மாத அளவுகள் கிடைத்ததும் இங்கேயே பதிவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.